எதிர் அறையில் என் வீட்டுக்காரர்

என் கண் மஞ்சளாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர், அபிராமபுரத்திலிருந்து வாரம் தவறாமல் மீன் வாங்க வரும் ஒரு அம்மா. வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, "தேசம்மா, கண்ணை நல்லா தெற" என்றார்.

"மீனோட கண்ணப் பாருங்கம்மா. என் கண்ணப் பாத்து இன்னா பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டு மீனை எடைபோட்டேன். தட்டைப் பிடித்த கை நடுங்கியது. அதையும் அவர் பார்த்தார்.

நொச்சிக்குப்பத்தில் நாற்பது வருஷமாக மீன் விற்கிறேன். ரோட்டோரம் பலகை போட்டு விற்றேன். இப்போது மார்க்கெட்டுக்குள் மேடை போட்டு விற்கிறேன். ஐஸில் கிடந்த மீனை இன்றைக்குப் பிடித்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்றாவது வரைதான் படித்தேன். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் ரேவதி எழுதினாள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிடிக்காத இடத்தை அடிக்கச் சொன்னேன். வெட்கப்படுகிற இடத்தை மட்டும் அடிக்கச் சொல்லவில்லை. குடித்துக்கொண்டே, குடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு என்னைப் போல இன்னும் நாலு பெண்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் குடித்தேன். பத்து வருஷம். முதலில் கூடை சுமந்த இடுப்பு வலிக்கு ஒரு மூடி. பிறகு தூக்கத்துக்கு. பிறகு எழுந்ததும். குப்பத்துக் கடையில் நான் போய் நிற்க முடியாது, நின்றால் பெயர் போய்விடும். தூரத்துக் கடையில் வாங்கி வர ஒரு ஆள் வைத்திருந்தேன். சுக்குக் காப்பி பிளாஸ்கில் பிராந்தியை ஊற்றிக்கொண்டு வந்து மேடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். வாசனை யாருக்கும் தெரியாது. மீன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். வீட்டுக்காரர் மாசிலாமணி எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுப்பவர். அவருக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்டதில்லை, நானும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் அப்படி ஒரு ஆள். கடலுக்குப் போன காலத்திலேயே ஒரு சொட்டு தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட மாட்டார். குப்பத்தில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை.

காலும் வீங்கி, சோறும் இறங்காமல் போன பிறகுதான் ரேவதி என்னைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றில் குளிர்ந்த கூழ் மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு கட்டையை வைத்துத் தேய்ப்பார்கள். உள்ளே இருப்பது டிவியில் தெரியும். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது என்றார்கள். ஈரல்தான் அந்த மஞ்சளை வெளியே அனுப்ப வேண்டுமாம். அது சோர்ந்துபோனால் மஞ்சள் கண்ணிலும் தோலிலும் நின்றுவிடுமாம்.

டாக்டர் சின்னப் பெண். "அம்மா, குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"என்ன யாருன்னு நெனச்சிக்கினு கேக்கற?" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். இல்லை என்று எழுதியிருப்பார். அந்த ஒரு பொய்யில் என் உயிர் போக இருந்தது.

படுக்கையில் சேர்த்த மூன்றாம் நாள் மத்தியானம் சுவரில் நண்டுகள் ஏறின. பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நான் அவற்றைப் பிடித்துக் கூடையில் போடப் பார்த்தேன். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. பக்கத்துப் படுக்கைக்காரி அலறினாள். சிஸ்டர் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். அப்போது மாசிலாமணி டாக்டரை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார். அவர் சொன்னது கதவு வழியாக எனக்குக் கேட்டது.

"குடிக்கும்மா அது. பத்து வருசமா. தெனமும். அது உங்களாண்ட சொல்லாது. நான் சொல்றேன்."

உடனே ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். தினமும் குடிக்கிற உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் மூளை பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஓடும். கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரும், ஆளும் போகலாம். அதனால் நெடுநாள் குடித்தவர்கள் வீட்டில் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் மற்றது எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

"உங்க ஈரல் இன்னும் முழுசா இறுகிப் போகல. இப்ப நிறுத்தினா தேறிடுவீங்க. திரும்பக் குடிச்சா அடுத்த தடவை நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

பன்னிரண்டு நாள் இருந்தேன். உப்பில்லாத சாப்பாடு. கடலோரத்துக்காரிக்கு உப்பில்லாத கஞ்சி தொண்டையில் இறங்குமா. ரேவதி தனக்கும் உப்பில்லாமல் கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "நல்லாத்தான் கீது அத்தே" என்பாள், முகத்தைச் சுளிக்காமல். ஆனால் வீட்டுக்காரரிடம் நான் இரண்டு நாள் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினார் என்று எனக்குத் தோன்றவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி மானத்தை வாங்கினார் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் சனிக்கிழமை சாயங்காலம் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம். அபிராமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த இடம். காசு கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம், எந்தத் தெரு என்றும் கேட்க மாட்டார்கள். "மருந்து உடம்புலேருந்து அதை எடுத்துடும்மா. மனசுலேருந்து எடுக்க நாலு பேர் வேணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மந்தைவெளி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தோம். நான் மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வராந்தா. எதிரெதிராக இரண்டு அறைகள். ஒரு கதவில் 'குடிப்பழக்கம் உள்ளவர்கள்' என்று அட்டை. எதிர்க் கதவில் 'குடும்பத்தார்'. எழுத்துக் கூட்டி இரண்டையும் படித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குடும்பத்தார் கதவில் கண்ணாடி போட்ட ஒரு மயிலாப்பூர் மாமி நின்றிருந்தார். பங்கஜம் என்று பெயர் சொன்னார். "வாங்கோ. யாருக்காக வந்திருக்கேள்?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார். ஒட்டின கன்னம், மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான், செக்கச் சிவந்த கண். முப்பது வருஷம் கடல் உப்பும் வெயிலும் பட்ட கண் அது. தூங்கி எழுந்தாலும் அப்படித்தான் இருக்கும். மாமிக்கு அது எப்படித் தெரியும்.

"புரிஞ்சுடுத்து. நீங்க இந்தண்ட வாங்கோ. அவர் அந்த ரூம்."

எதிர் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு, "வாங்கண்ணே, பயப்படாதீக. முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

மாசிலாமணி என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஆஸ்பத்திரிக் கதவு ஞாபகம் வந்தது. இவரும் கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன்.

"போய்யா, கூப்படறாங்க இல்ல" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் முடிந்து திரும்பி நடக்கும்போது கேட்டேன். "உள்ள இன்னா கேட்டாங்க?"

"ஒண்ணியும் கேக்கல. பேரு கேட்டாங்க, சொன்னேன். டீ குடுத்தாங்க."

"குடிக்கறது நான் இல்லன்னு சொல்லலியா?"

"நீதான என்ன அங்க அனுப்ச. நீ சொல்லாத நான் எப்டி சொல்றது?"

அப்படியே நாலு சனிக்கிழமை போனது. நான் குடும்பத்தார் அறையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது நான் செய்ததையெல்லாம் அவர் செய்ததாகச் சொன்னேன். பிளாஸ்கைச் சொன்னேன். ரேவதியின் வளைகாப்பில் வரிசைத் தட்டுகளின் மேல் விழுந்ததைச் சொன்னேன். பெண்கள் 'த்சோ' கொட்டினார்கள். எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

ஆனால் மற்றவர்கள் பேசும்போது சுகமாக இல்லை. மாமிக்கு ஒரே பிள்ளை. "அவன் வந்து படுத்துண்டா, மூக்குகிட்ட விரலை வெச்சுண்டு உக்காந்திருப்பேன். மூச்சு வரதான்னு. எனக்கு வேற வேலையே கிடையாது" என்றார், எதையோ கடையில் வாங்கியதைச் சொல்வது போல.

பல தடவை விழிப்பு வரும்போது மாசிலாமணியின் விரல் என் மூக்கருகே இருக்கும். மீன் நாற்றம் அடிக்கிற கையை ஏன் மூஞ்சியில் வைக்கிறாய் என்று தட்டிவிட்டிருக்கிறேன். ஒரு தடவை அறைந்தும் இருக்கிறேன். அது எதற்கு என்று பத்து வருஷமாக நான் கேட்கவில்லை. வேறொருத்தி தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு டீ குடிக்கும்போது மாமி நேராக வீட்டுக்காரரிடம் போனார். "இத்தனை வயசுக்கு அப்புறமாவது அவளை நிம்மதியா இருக்க விடுங்கோ. வளைகாப்புல போய் விழறதாவது."

"சரிங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வழியில், "நான் எப்பம்மே வளைகாப்புல வுய்ந்தேன்?" என்றார்.

"சொம்மா வா."

"இல்ல, வுய்ந்தது நல்லா ஞாபகம் கீது. தூக்கனது நானாச்சே" என்று சொல்லிச் சிரித்தார்.

எதிர் அறையில் கேட்டதை அவர் வாரா வாரம் எனக்குக் கொண்டு வந்தார். புத்தி சொல்வது போலச் சொல்ல மாட்டார். மீன் வெட்டிக்கொண்டே, ஊர்ச்செய்தி போல, "அங்க ஒர்த்தர் சொல்றாரு, குடிக்கணும்னு ஆசை வந்தா அது அரை மணி நேரம்தான் நிக்குமாம். ஒரு கூடை மத்தி வெட்டற நேரம். அதத் தாண்டிட்டா போயிடுமாம்" என்பார். எனக்கு ஆசை வரும்போது அவரிடமிருந்து கத்தியை வாங்கி மத்தி வெட்டினேன். ஆஸ்பத்திரியை விட்டு வந்து ஐந்தாவது வாரம் வரை ஒரு சொட்டு தொடவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை விஷயம் குப்பத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்டோக்காரன் ஒருவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் சவாரி இறக்கியபோது, வீட்டுக்காரர் அந்த அறைக்குள் போனதைப் பார்த்திருக்கிறான். மார்க்கெட்டில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, நாங்க கூப்ட்டா தலைய ஆட்டுவ. தனியா குந்திக்கினு ஏத்திக்கினு இருந்தியா?"

"ஆமாண்டா" என்றார் மாசிலாமணி, செதில் சுரண்டிக்கொண்டே. "வயசானப்புறம்தான் ருசி தெரிது."

எல்லோரும் சிரித்தார்கள். ஐலசா பாடி வலை இழுத்த காலத்து எண்பது வயதுக் கிழவர் ஒருவர், தன் பிள்ளைகளுக்கெல்லாம் இவரைக் காட்டித்தான் குடிக்காதே என்று சொல்லி வளர்த்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதை மாசிலாமணி பார்த்தார். நானும் பார்த்தேன். வாயைத் திறக்க எனக்கு அப்போது ஒரு சமயம் கிடைத்தது. நான் ஐஸை அள்ளி மீன் மேல் போட்டேன்.

அன்று சாயங்காலம் பழைய ஆளைக் கூப்பிட்டு வாங்கி வரச் சொன்னேன். பாதி குடித்தேன். மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கருகே அந்த விரல் வந்தது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை இரண்டு அறைக்காரர்களும் ஒன்றாகக் கூடும் நாள். ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவர்களுக்குச் சின்னப் பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். அதை வீட்டு ஆள் கையால் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி எழுந்து, "மாசிலாமணி அண்ணன், ஒரு மாசம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். "அம்மா, வந்து ஒங்க கையால குடுங்க" என்று வில்லையை என் கையில் வைத்தார்.

மாசிலாமணி எழுந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். கையை நீட்டிய விதத்தில் எனக்குப் புரிந்தது. நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மாதா மாதம் வாங்குவார். நான் செத்துப்போனாலும் குடிகாரன் என்ற பெயரோடு இருந்துகொள்வார். அந்த டாக்டர் சொன்ன அடுத்த தடவையும் வரும்.

"இத இவருக்குக் குடுக்கக் கூடாது" என்றேன். மாமி, "என்ன, திரும்பக் குடிச்சுட்டாரா?" என்றார்.

"இவரு குடிச்சதே இல்ல மாமி. குடிக்கறது நானு. வளைகாப்புல வுய்ந்தது நானு. செவ்வாக்கெழமகூட குடிச்சேன்."

பெருமையாக வாழ்ந்த பெண்பிள்ளைக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று ரேவதியிடம் சொல்லப் பார்த்தேன், சொல்ல வரவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முதலில் பேசியவர் அண்ணாச்சி. "குடிச்ச ஆளு கை நடுங்கி டீ கிளாஸ ரெண்டு கையால பிடிக்கும்மா. அண்ணன் முதல் நாளே ஒத்தக் கையால பிடிச்சாவ. எனக்கு அப்பவே ஒரு யோசனைதான். வந்தவங்கள ஏன் வந்தீகன்னு இங்க கேக்குறதில்ல, அதான் சும்மா இருந்தேன்." வில்லையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். ஒங்களுக்கு இன்னைக்கு ஒண்ணாவது நாள்."

மாமி வீட்டுக்காரரின் எதிரில் போய் நின்றார். "ஒரு மாசமா உங்களை எப்படியெல்லாம் முறைச்சுண்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நீங்க அது நல்லதுக்குத்தான மொறச்சீங்க" என்றார் அவர்.

மறுநாள் மார்க்கெட்டில் அந்தக் கிழவரை மேடைக்குக் கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னேன். நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னேன். இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மீன் வாங்க வந்தார்கள்.

அடுத்த வாரம் முதல் அறை மாறி உட்கார்ந்தோம். நான் போன அறையில் எல்லோரும் ஆம்பிளைகள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஆம்பள பொம்பள எல்லாம் வாசலோடம்மா. உள்ள எல்லாருக்கும் ஒரே ஈரல்தான்" என்றார் அண்ணாச்சி. நான் மார்க்கெட்டில் கத்துகிற மாதிரியே பேசினேன், பழக்கம் அதுதான். யாரும் உச்சுக் கொட்டவில்லை. தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. உடம்பில் ஈரலுக்கு ஒரு குணமாம், முழுக்க இறுகிப் போகாத வரை அது தன்னைத்தானே சரி செய்துகொள்ளப் பார்க்குமாம். "அதுக்கு நீங்க குறுக்க நிக்காம இருந்தா போதும்" என்றார் டாக்டர். உப்பு கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என்னைவிட ரேவதிக்குத்தான் சந்தோஷம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. "உங்காத்துக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறார். பேரைச் சொல்றார், உக்காந்துக்கறார்" என்று மாமி வாரா வாரம் சொல்வார். வீட்டில் கேட்டால், "நான் இன்னா சொல்றது. எனக்கு ஒண்ணியும் இல்ல" என்பார்.

போன சனிக்கிழமை எங்கள் அறை முடிந்து வெளியே வந்தேன். எதிர்க் கதவு மூடியே இருந்தது. உள்ளே ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. அந்த அறையில் ஆம்பிளை அவர் ஒருவர்தான்.

அண்ணாச்சி கதவைப் பார்த்தார். "அண்ணனா பேசுறாவ?"

"ஆமாம்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. ஒரு தடவை என் பெயர் கேட்டது. ஒரு தடவை உள்ளே பெண்கள் சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. பேச்சு முடிந்தது என்று எழுந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"நேரமாவுதும்மா. பூட்டணும். கதவ தட்டட்டா?" என்றார் அண்ணாச்சி.

"வோணாம் அண்ணாச்சி. பேசட்டும்."

அவருக்காக வாங்கி வைத்திருந்த டீயில் ஆடை கட்டிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு, கிளாஸைக் கழுவி, இன்னொரு டீ வாங்கி வைத்தேன்.